கணக்குக் கேட்ட கிராமங்கள்
மஸ்தூர் கிசான் சக்தி சங்கடனின் வரலாறு

இராஜஸ்தானத்தின் நடுப்பகுதி மழை குறைந்த, கற்கள் நிறைந்த நிலமாகும். வறட்சிக் காலங்களில் அங்குள்ள ஏழைகள் அரசின் நிவாரணப் பணிகளையே நம்பி வாழ்ந்தனர். சாலை இட்டும் குளம் வெட்டியும் உழைத்த அவர்களுக்குச் சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கூலி முழுமையாகக் கிடைக்கவில்லை.

1987-ஆம் ஆண்டு, இன்றைய இராஜ்சமந்து மாவட்டத்தைச் சேர்ந்த தேவ்துங்ரி என்னும் சிற்றூரின் மண்குடிசை ஒன்றில் சிலர் குடியேறினர். சென்னையில் பிறந்து, இந்திய ஆட்சிப்பணியைத் துறந்த அருணா ராய், இளைஞர் நிகில் தே, நாட்டுப்புறக் கலையில் வல்ல சங்கர் சிங் ஆகியோர் அவர்கள். ஊர் மக்களோடு இணைந்து அவர்கள் நடத்திய நிலப் போராட்டமும் கூலிப் போராட்டமும் 1990 மே முதல் நாள் ஓர் அமைப்பாக உருப்பெற்றன. உழவர், உழைப்பாளர் ஆற்றல் சங்கம் என்பதே அதன் பெயரின் பொருள்.

கூலியைக் கேட்டபோதெல்லாம், "நீங்கள் அளவுப்படி வேலை செய்யவில்லை, ஏட்டில் அவ்வாறே உள்ளது" என்பதே அதிகாரிகளின் விடையாயிற்று. ஏட்டைக் காட்டுமாறு வேண்டினால், அஃது அரசின் மறைபொருள் எனப்பட்டது. தங்கள் உழைப்பைப் பற்றித் தாங்களே அறியவொண்ணாத ஏடு ஒன்று உண்டு என்பதை அம்மக்கள் அன்று உணர்ந்தனர். கூலிக் கோரிக்கை ஏட்டுக் கோரிக்கையாக மாறியது.

1994 திசம்பர் 2-ஆம் நாள், பாலி மாவட்டத்துக் கோட்கிரானா ஊரில் முதல் மக்கள் விசாரணை நடைபெற்றது. அரிதிற் பெற்ற பஞ்சாயத்துக் கணக்குகள் ஊரார் முன் உரக்கப் படிக்கப்பட்டன. வேலைக்கே வராதவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது. முற்றுப்பெற்றதாகக் கணக்கு காட்டிய கட்டடம் கூரையின்றி எதிரே நின்றது. எழுத்தறியாத பெண்களும் எழுந்து, தம் பெயரில் எழுதிய தொகை தம் கைக்கு வரவில்லை எனச் சான்றுரைத்தனர். தொடர்ந்து பல ஊர்களில் இவ்விசாரணை நிகழ்ந்தது. பிற்காலத்து விசாரணைகளில், கவர்ந்த பணத்தை ஊரறியத் திருப்பித் தந்த தலைவரும் உண்டு.

1995 ஏப்ரலில் மாநில முதலமைச்சர் சட்டமன்றத்தில் ஆவணப் படி தருவதாக அறிவித்தார். ஓராண்டு கடந்தும் ஆணை வரவில்லை. எனவே 1996 ஏப்ரல் 6 முதல் பியாவர் நகரில் நாற்பது நாள் அறப்போராட்டம் நடந்தது. வணிகர்களும் நகரத்தாரும் உணவும் பொருளும் ஈந்து துணைநின்றனர். மறு ஆண்டு ஜெய்ப்பூரில் 53 நாட்கள் மக்கள் அமர்ந்தனர். 2000-ஆம் ஆண்டு இராஜஸ்தானத் தகவல் உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு முன்பே, 1997-இல், தமிழ்நாடு இத்தகைய சட்டத்தை முதன்முதலில் இயற்றியிருந்தது. ஆயினும் அதில் விலக்குகள் மிகுந்திருந்தன. நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12-இல் நடைமுறைக்கு வந்தது. இன்று ஊரக வேலைத் திட்டத்தில் நடைபெறும் சமூகத் தணிக்கைக்கு வித்திட்டவை அந்த ஊர் விசாரணைகளே.

இவ்வரலாறு சமணர்க்கு அயலானதன்று. தத்துவார்த்த சூத்திரம், வாய்மை விரதத்திற்கு நேரும் குற்றங்களை எண்ணுமிடத்துப் பொய் ஆவணம் எழுதுதலாகிய கூடலேகக்கிரியையையும், நம்பி ஒப்படைத்த பொருளைக் கவர்தலாகிய நியாசாபகாரத்தையும் வைத்துள்ளது. பொய்யான வருகைப்பட்டியல் முன்னது. அதனால் மறைந்த கூலி பின்னது. நாவினால் மட்டுமன்றி ஏட்டினாலும் பொய் உரைக்கலாம் என்பதை நம் ஆசாரியர்கள் அறிந்திருந்தனர்.

ஊர்ப் பொதுப்பணமும், சினாலய நிதியும், அறக்கட்டளைச் சொத்தும் நியாசமே. அவற்றின் கணக்கை ஒருவர் கேட்பது ஐயத்தின் அடையாளமாகாது; காப்பவரின் விரதத்தைக் காக்கும் துணையாகும். கேளாமலேயே கணக்கை அவையில் படிப்பது இல்லறத்தார்க்குரிய வாய்மையின் நிறைவாகும்.