லயத்து இஸ்தோப்பில் ஜெஜு தீவு

"ஒண்ணுமே நடக்காத நாடகத்த எப்புடிப்பா பதினாறு எபிசோட் பாக்குறீங்க?" எங்கள் கூட்டத்தில் ஒரு அண்ணன் கேட்ட கேள்வி இது. அன்று நாங்கள் பேச வந்தது வேறு விஷயம். பாதியில் கொரியன் நாடகத்துக்குத் தாவி, கடைசி பஸ்ஸை விடுற அளவுக்கு சண்டை பிடித்தோம். எங்களில் பாதிப் பேர் இந்த மெதுவான காதல் நாடகங்களுக்கு அடிமை. மற்ற பாதிக்கு அது பணக்கார நாட்டின் கொட்டாவி. சண்டை முடியாததால்தான் இதை எழுதுகிறோம். எழுதத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது, இது கொரியாவில் தொடங்கிய கதையே இல்லை.

எங்கள் அம்மாமாரிடம் கேட்டால் 'ஓஷின்' என்பார்கள். ஜப்பானின் என்.எச்.கே. 1983இல் தொடங்கி ஒரு வருஷம் ஓட்டிய நாடகம். ஒவ்வொன்றும் 15 நிமிஷமாக 297 பகுதிகள். எழுதியவர் சுகாகோ ஹஷிதா. ஒரு மூட்டை அரிசிக்காக ஏழு வயதுப் பிள்ளையை வேறு வீட்டில் வேலைக்கு விடுகிறார்கள், அதுதான் தொடக்கம். 1982இல் பிறந்த ரூபவாஹினி அதை இலங்கைக்குக் கொண்டுவந்தபோது தோட்டத்தில் எல்லா லயத்திலும் டீவி கிடையாது. ஒரு வீட்டில் இருக்கும், அதுவும் கார் பெட்டரியில் ஓடும். பெட்டரியை டவுனுக்குத் தூக்கிப் போய் சார்ஜ் ஏற்றி வரணும். இத்தனைக்கும் 1950இலேயே பழைய லக்‌ஷபான மின்நிலையம் இந்தப் பக்கத்துத் தண்ணியில் ஓடத் தொடங்கிவிட்டது. கரண்ட் எங்க மலையைத் தாண்டி கொழும்புக்குப் போனது, எங்க காம்பராவில் குப்பி விளக்கு எரிந்தது.

அந்த இருட்டில் உட்கார்ந்து ஓஷினைப் பார்த்தவர்களுக்கு அது ஜப்பான் கதையாகத் தெரியவில்லை. கொழும்பு பங்களாக்களுக்கு வீட்டு வேலைக்குப் போன எத்தனையோ பிள்ளைகள் எங்கள் தோட்டங்களில் இருந்து போனவர்கள். "அது நம்ம புள்ளைங்க கத" என்று எங்களில் ஒருத்தியின் பாட்டி இன்றைக்கும் சொல்லுவார். நாடகத்தின் பெயர் மறந்துவிட்டது அவருக்கு. அரிசி மூட்டை மட்டும் மறக்கவில்லை.

அதற்கு முந்தி வானொலி இருந்தது. சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' ஓடிய காலத்தைப் பற்றி பெரியவர்கள் இன்னும் பேசுகிறார்கள். பிறகு சக்தி டீவி வந்தது, டிஷ் வந்தது, சன் டீவி சீரியல் வந்தது. 'சித்தி', 'மெட்டி ஒலி', 'கோலங்கள்'. இதில் 'மெட்டி ஒலி' 800 பகுதிகளைத் தாண்டியது. இதுவும் மெதுவான கதைதானே என்று எங்கள் அண்ணன் மடக்கினார். இல்லை, அது மெதுவாகப் போவது வேற, இழுக்கிறது வேற. சீரியலில் ஒரு அறை விழுந்தால் மூன்று முகத்தை மூன்று தடவை காட்டுவார்கள். நேரம் போகும், ஆனால் அந்த நேரத்தில் யாரும் வாழ மாட்டார்கள். தேத்தண்ணி ஊற்ற மாட்டார்கள், உடுப்பு மடிக்க மாட்டார்கள். பட்டுப் புடவையோடு தூங்கி எழும்புவார்கள்.

கொரியா முதலில் எங்களுக்கு சிங்களத்தில்தான் வந்தது. 2012 வாக்கில் ரூபவாஹினி 'சுஜாத தியணி' என்ற பெயரில் 'டே ஜாங் கும்' நாடகத்தை சிங்களக் குரலில் போட்டது. கொரியாவில் 2003–04இல் எம்.பி.சி. ஓட்டிய 54 பகுதிகள். அரண்மனைச் சமையல்காரி ஒருத்தி வைத்தியராகிற கதை. அது காதல் நாடகம் என்று சொல்ல ஏலாது. ஆனால் ஒரு பொம்பளை முள்ளங்கி நறுக்குவதை அவசரமில்லாமல் காட்டினார்கள், நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். எங்களில் சிலர் நல்ல சிங்களம் கற்றது அந்த நாடகத்தில்தான் என்றால் டீச்சர்மார் கோபிக்கக் கூடாது.

அடுத்து தமிழ்நாட்டில் 2013இல் தொடங்கிய புதுயுகம் தொலைக்காட்சி கொரியன் நாடகங்களைத் தமிழில் பேச வைத்தது. 'பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்' அதில்தான். டிஷ் இருந்த வீட்டுப் பிள்ளைகள் பார்த்தார்கள், இல்லாதவர்களுக்கு மெமரி கார்டில் வந்தது. லோண்டரிக்காரர் மகளுக்கும் கோடீஸ்வரன் மகனுக்கும் காதல். எங்கள் ஸ்கூல் கொப்பிகளின் பின்பக்கம் முழுக்க அந்த நான்கு பையன்களின் பெயர்தான். இன்றைக்குப் பார்த்தால் சிரிப்பு வருது. அது எம்.ஜி.ஆர். பட ஃபார்முலாவை முடி வெட்டி அனுப்பினது மாதிரி.

நாங்கள் சொல்ல வருகிற நாடகங்கள் அதற்குப் பிறகு கைக்கு வந்தவை. கொரியாவில் பெரிய சேனல்களுக்கு வெளியே டீ.வி.என். (2006), ஜே.டி.பி.சி. (2011) என்று கேபிள் சேனல்கள் வந்தன. பெரிய சேனல்கள் தொடாத கதைகளுக்கு அங்கே இடம் கிடைத்தது. பதினாறு பகுதி, வாரத்துக்கு இரண்டு, பெரும்பாலும் ஒரே எழுத்தாளர், அதிலும் நிறையப் பேர் பெண்கள். முடிவு எங்கே என்று தெரிந்தே தொடங்குவதால் அவசரப்படத் தேவையில்லை. ஆன் பான்-சொக் இயக்கிய 'சம்திங் இன் த ரெய்ன்' (2018) நாடகத்தில் மேசைக்கு அடியில் ஒருத்தி ஒருவனின் கையைப் பிடிக்கவே மூன்று நாலு எபிசோட் போகும். அதுவரைக்கும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள், ஒரு குடையில் நடக்கிறார்கள். இடையில் அவள் வேலை செய்யும் கம்பனியில் மேலதிகாரிகள் பெண்களிடம் நடந்துகொள்ளும் விதம், பணம் பார்த்து மருமகன் தேடும் அம்மா. கொழும்பில் கடையிலும் கார்மெண்டிலும் வேலை செய்து வந்த எங்கள் அக்காமாருக்கு இதில் ஒன்றும் புதிசில்லை.

ஒண்ணுமே நடக்கல என்பவர்களுக்கு ஒரு கேள்வி: தோட்டத்தில் காதல் எப்படி நடக்குது? பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். சந்திக்க இடம் கிடையாது. பஸ்ஸில் இரண்டு சீட் தள்ளி உட்கார்வது, டியூஷன் விட்டு வரும் வழியில் பின்னால் நடப்பது, திருவிழாவில் ஒரு பார்வை, சிவனொளிபாதமலை சீசனில் நல்லதண்ணி கடைத்தெருவில் ஒரு பிளேன்டீ. இதற்கே ஒரு வருஷம் போகும். அதற்குப் பிறகு சாதி கேட்பார்கள். லயத்துக் காதல் எப்பவுமே ஸ்லோதான். அதைப் பாட்டும் சண்டையும் இல்லாமல் அதே வேகத்தில் திரையில் காட்டினது எங்கள் மொழிப் படங்கள் இல்லை, எங்கேயோ இருக்கிற சோல்.

இன்னொன்று, மரியாதை. 'நீங்க'வில் இருந்து 'நீ'க்கு வருவது தமிழில் எவ்வளவு பெரிய சம்பவம்! கொரியனிலும் அப்படியே, பேச்சில் மரியாதைப் படிகள் உண்டு. ஒரு நாள் ஒருத்தி படி இறங்கிப் பேசிவிட்டால் இங்கே நாங்கள் போனை நெஞ்சில் வைத்துக்கொள்கிறோம். ஆனால் காதலனை 'ஒப்பா' என்று கூப்பிடுவது மட்டும் எங்களுக்கு ஒத்துவரவில்லை. அது அண்ணன். தமிழ் டப்பிங்காரர்கள் அந்த இடத்தில் என்ன பாடுபட்டிருப்பார்கள்! மாமன் மகனை மச்சான் என்று கூப்பிட்டுக் கட்டிக்கொள்ளும் ஊரில் அண்ணனைக் காதலிப்பது எப்படி?

எங்கள் எல்லோருக்கும் பிடித்தது 'ரிப்ளை 1988'. கேள்வி கேட்ட அண்ணனும் இதற்கு மட்டும் தலையாட்டினார். 2015 நவம்பரில் தொடங்கி அடுத்த ஜனவரியில் முடிந்தது. எழுதிய லீ வூ-ஜொங், இயக்கிய ஷின் வொன்-ஹோ இருவருமே முன்பு நாடகக்காரர்கள் இல்லை, வெரைட்டி ஷோ செய்தவர்கள். மனிசர் சும்மா இருக்கும்போது என்ன செய்கிறார்கள் என்று பார்த்துப் பழகியவர்கள். முதல் எபிசோடிலேயே சோல் நகரத்து சங்முன்-தொங் சந்தில் ஐந்து வீட்டுப் பிள்ளைகள் ஒரு வீட்டுக் கறியை மற்ற வீட்டுக்குக் கொண்டு ஓடுகிறார்கள். அங்கே கொடுத்தால் அங்கேயிருந்து வேறொன்று வருகிறது. அந்த ஓட்டத்தைப் பார்த்த எவருக்கும் லயம் ஞாபகம் வராமல் இருக்காது. வெறும் கோப்பையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற சட்டம் எங்களுக்கும் உண்டு.

1988 செப்டம்பரில் சோலில் ஒலிம்பிக். அதே 1988இல்தான் இங்கே 39ஆம் இலக்கச் சட்டம், நாடற்றவர்களாக மிஞ்சியிருந்த எங்கள் ஆட்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்த சட்டம், வந்தது. 1948இல் பறித்ததைத் திருப்பிக் கொடுக்க 40 வருஷம். நடுவில் 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், தலைமன்னாரில் கப்பல் ஏறிய குடும்பங்கள். அப்போது பிரிந்த காதல் எத்தனை? ஒருத்திக்கு இந்தியப் பாஸ்போர்ட், ஒருவனுக்கு விண்ணப்பம் நிலுவையில். பதினாறு எபிசோட் போதாது. யாரும் எடுக்கவில்லை.

'ரிப்ளை 1988' முடிவில் அந்தச் சந்தே காலியாகிறது. நகர அபிவிருத்திக்காக எல்லோரும் வீட்டை விட்டுப் போகிறார்கள். அந்தக் கடைசிப் பகுதியைப் பார்த்தபோது மஸ்கெலியாக்காரர்கள் நாங்கள் எதை நினைத்திருப்போம் என்று சொல்லத் தேவையில்லை. 1960களின் கடைசியில் மவுசாகலை அணை வந்தபோது பழைய மஸ்கெலியா டவுன் தண்ணிக்குள் போனது. இன்று நாங்கள் சாமான் வாங்குவது மேட்டில் கட்டிய புது டவுனில். வரட்சியில் நீர் இறங்கினால் பழைய கோயிலும் மற்ற வணக்கத்தலங்களின் மிச்சமும் வெளியே தெரியும். சனம் போய்ப் பார்க்கும், போட்டோ எடுக்கும். எங்களில் ஒருவனின் தாத்தா மட்டும் போட்டோ எடுக்க மாட்டார். சேற்றில் நின்று, "இதுலதான் சலூன் இருந்துச்சு, இதுல வண்டி நிக்கும்" என்று கையால் காட்டிக்கொண்டே நடப்பார். கேமராவை வைத்துவிட்டு அவர் பின்னால் நடந்தால் போதும், நாடகம் அதுதான்.

மயங்கிக் கிடக்கிறோம் என்று நினைக்க வேண்டாம், குறையும் தெரியும். 2003இல் கே.பி.எஸ். ஓட்டிய 'சம்மர் சென்ட்' நாடகத்தைப் பொசொங் தேயிலைத் தோட்டத்தில் எடுத்தார்கள். வெட்டிவிட்ட பச்சை வரிசைகள், நடுவில் காதலர்கள். கொழுந்து எடுக்கும் கைகளுக்கு அந்தக் கதையில் வேலை இல்லை. எங்கள் மலைகளில் டூயட் எடுக்க வருபவர்கள் செய்வதும் அதுதான்.

கொரியாவுக்குப் போன எங்கள் அண்ணன்மார் வேறு கொரியாவைச் சொல்லுவார்கள். 2004இல் அந்த நாடு தொழில் அனுமதி முறையைத் தொடங்கியபோது முதலில் கையெழுத்திட்ட நாடுகளில் இலங்கையும் ஒன்று. அதற்கான மொழிப் பரீட்சைக்கு இன்று எங்கள் பக்கத்துப் பொடியன்மாரும் படிக்கிறார்கள். பாஸானவர்கள் போய் நிற்பது தொழிற்சாலை மெசினுக்கு முன்னால், பண்ணையில், மீன்பிடிப் படகில். "நாடகத்துல நாங்க இல்லடா" என்று ஒருவர் வொய்ஸ் அனுப்பினார். கொஞ்சம் யோசித்தால் 2021இல் வந்த 'ஸ்குவிட் கேம்' அலி ஞாபகம் வருகிறான், பாகிஸ்தான் தொழிலாளி. அவனும் ஏமாற்றப்பட்டுச் சாகிறான்.

கடைசியாக ஒரு நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2025 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸில் 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்' வந்தது. ஜெஜு தீவில் 1951இல் பிறந்த ஏ-சுன் என்ற பெண்ணின் முழு ஆயுசு. எழுதியவர் லிம் சாங்-சுன், அது புனைபெயர். கொரியன் தலைப்பு ஜெஜு வட்டார வழக்கில் இருக்கிறது, "ரொம்பப் பாடுபட்டீங்க" என்று அர்த்தம். சோல் கொரியனில் வாசித்தால் "சுத்தமா ஏமாந்துட்டீங்க" என்று கேட்குமாம். தலைப்பையே வட்டார மொழியில் வைக்கத் துணிந்தார்கள். எங்கள் தமிழை டீவியில் கோமாளிதான் பேசுவான்.

அந்த ஜெஜுவிலும் 1948இல் கிளர்ச்சி வெடித்தது, அதை அடக்கியதில் பல்லாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள். நாடகம் அதைப் பெரிதாகப் பேசவில்லை. எங்களுக்கு அது உறுத்தியது. ஏ-சுனின் அம்மா கடலில் மூச்சடக்கி மூழ்கி சிப்பி எடுக்கும் பெண். 29 வயதில் இறந்துபோகிறார்.

எங்களில் ஒருத்தியின் வீட்டு இஸ்தோப்பில் லெப்டொப் வைத்துப் பார்த்தோம். அவளுடைய அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, படங்கைக் கழற்றாமலே வாசலில் நின்றார். சப்டைட்டிலை நாங்கள் மாறி மாறித் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தோம். சின்னப் பிள்ளை ஏ-சுன் பள்ளியில் ஒரு கவிதை எழுதுகிறாள். நாள் முழுக்க அம்மாவைக் கடலுக்குள் வைத்திருக்கும் அந்தச் சிப்பி மேல் அவளுக்கு ஆத்திரம். தன்னிடம் காசு இருந்தால் அம்மாவின் ஒரு நாளை வாங்கிவிடுவேன் என்கிறாள். சொல்லிக்கொண்டிருந்தவளுக்குக் குரல் அடைத்துவிட்டது. அவள் புள்ளக்காம்பராவில் வளர்ந்தவள்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சிப்பி கொறஞ்சா அவளுக்கும் அரைப்பேர்தான் போடுவாங்களா?" என்று கேட்டார். எங்களுக்குப் பதில் தெரியவில்லை. படங்கை அவிழ்த்துக் கம்பியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனவர், அங்கிருந்தே சத்தம் போட்டார்:

"மிச்சத்த இப்ப பாக்காதீங்க. ஞாயித்துக்கெழம போடுங்க, நானும் இருப்பேன்ல."