கப்பல் பட்டியலில் சாதி: சென்னையிலிருந்து டர்பன் வரை



இன்று வெளிநாட்டுத் துறைமுகத்திலோ விமான நிலையத்திலோ குடியேற்ற அதிகாரியின் முன் நிற்பவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்கப்படுகின்றன. நீ யார், எங்கிருந்து வருகிறாய், எதற்காக வருகிறாய்? நம் முன்னோரில் பலர் இந்தக் கேள்விகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சென்னைக் கடற்கரையில் எதிர்கொண்டார்கள். அவர்களிடம் நான்காவதாகவும் ஒன்று கேட்கப்பட்டது: என்ன சாதி? அந்த நான்காவது கேள்வியையும், அதற்கு எழுதப்பட்ட பதில்களையும் பற்றி இந்த உரையில் பேச விரும்புகிறோம்.

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல் நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் இருந்த 342 பேரும் நேட்டால் காலனியின் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஒப்பந்தம் ஆனவர்கள். அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் இப்படிச் சென்றார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியே கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும். அவர்களில் பல சாதியாரும் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் இருந்தார்கள். பண்ணையாட்களாக இருந்த நம் மக்கள் அதில் பெரும் பகுதி. 1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை முறைக்கு அரசின் ஆதரவை நீக்கியது. நிலத்தை அவர்களுக்குக் கொடுக்கவில்லை. மிராசுதார்கள் பறையருக்குத் தரிசு நிலம்கூடக் கிடைக்காமல் எப்படித் தடுத்தார்கள் என்பதைச் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையிலிருந்து நாம் அறிவோம். ஊரில் நிலம் இல்லை, கடன் உண்டு, பஞ்சம் உண்டு. ஆள்கட்டி வந்து கூப்பிட்டபோது அவர்கள் கிளம்பியதில் வியப்பில்லை.

கப்பலேறுவதற்கு முன் அவர்கள் பல கைகள் வழியே கடந்து போக வேண்டியிருந்தது. ஆள்கட்டி கூட்டிவந்தவர்களை முதலில் பதிவு செய்தார்கள். பிறகு சென்னையில் டிப்போ என்றழைக்கப்பட்ட முகாமில் தங்கவைத்தார்கள். மருத்துவர் உடலைச் சோதித்தார். குடியேறிகளின் பாதுகாவலர் என்ற அரசு அதிகாரி, விரும்பித்தான் போகிறாயா என்று கேட்டார். துறைமுகம் கட்டப்படுவதற்கு முந்தைய சென்னை அது. ஆகவே மசூலாப் படகில் அலைகளைத் தாண்டிப் போய்த்தான் கப்பலில் ஏற முடியும். கப்பலில் சமையலுக்குப் பண்டாரிகளும் கழிவகற்றத் தோப்பாஸ்களும் அமர்த்தப்பட்டார்கள். கடலைத் தாண்டினால் சாதி கெட்டுவிடும் என்று சாத்திரம் சொன்னது. ஆனால் யார் சமைப்பது, யார் மலம் அள்ளுவது என்ற பிரிவினை கப்பலிலும் கூடவே வந்தது.

டர்பனில் முதலில் சுகாதாரச் சோதனை. ட்ரூரோவுக்குச் சில நாட்கள் கழித்துக் கல்கத்தாவிலிருந்து வந்த பெல்விடியர் கப்பலில் காலரா இருந்ததால், அதன் பயணிகள் தனித்து வைக்கப்பட்டார்கள். சோதனை முடிந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் கொடுக்கப்பட்டது. கூலி, திருமணம், வழக்கு, சாவு என எல்லாப் பதிவிலும் அந்த எண் அவர்களைப் பின்தொடர்ந்தது.

கப்பல் பட்டியல்களின் கலங்கள் இவை: எண், பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடலடையாளம். சாதிக் கலத்தில் பலருக்கும் நேராகப் பறையர் என்று இருக்கிறது. மற்றவர்களுக்கு எழுதப்பட்டிருப்பதைப் பார்த்தால் அந்தக் கலத்தின் யோக்கியதை தெரியும். சிலருக்கு 'மலபார்' என்றிருக்கிறது. அது வெள்ளையர் தமிழரைக் குறித்த பெயர். சிலருக்கு 'ஜென்டு'; அது தெலுங்கரைக் குறித்தது. சிலருக்குக் 'கிறித்தவர்'. மொழியும் மதமும் சாதியாக எழுதப்பட்டன. யார் சொன்னதை யார் கேட்டு எழுதினார்கள் என்பது நம் கையில் இல்லை. ஆகவே இந்தப் பட்டியலை வைத்துக் கூட்டல் கழித்தல் போட்டு எந்தச் சாதியார் எத்தனை பேர் போனார்கள் என்று முடிவு கட்டுபவர்களிடம் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

ஆனாலும் இதைத் தூக்கி எறிய நம்மால் முடியாது. ஊரில் பட்டா இல்லாதவர்களுக்கு, பள்ளிக்கூடப் பதிவேடு இல்லாதவர்களுக்கு, குறிப்பாக நம் பெண்களுக்கு, தன் பெயரும் தகப்பன் பெயரும் ஊர்ப் பெயரும் ஒரே வரியில் எழுதப்பட்ட ஆவணம் வேறு எங்கே இருக்கிறது? நம்மை அடக்கி ஆளும் பொருட்டு எழுதப்பட்ட தாளில்தான் நம் முன்னோரின் பெயர் மிஞ்சியிருக்கிறது.

அந்த மேசைக்கு முன் நின்றவர்கள் வெறுமனே பதில் சொல்லிவிட்டுப் போகவும் இல்லை. ஒப்பந்தம் முடிந்த முதல் தொகுதியினர் 1871இல் ரெட் ரைடிங் ஹூட் என்ற கப்பலில் சென்னை திரும்பினார்கள். கரையிறங்கியதும் அடி உதையையும், பிடித்தம் செய்யப்பட்ட கூலியையும், மறுக்கப்பட்ட உரிமைகளையும் அதிகாரிகளிடம் முறையிட்டார்கள். அதன் விளைவாக நேட்டால் அரசு 1872இல் கூலி விசாரணைக் குழுவை அமைக்க வேண்டி வந்தது. 1866இலிருந்து நின்றுபோயிருந்த ஆளனுப்புதல் 1874இல்தான் மீண்டும் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளர்களின் வாய்மொழிச் சாட்சியம் ஒரு காலனி அரசைப் பதில் சொல்ல வைத்தது. இது நம் போராட்ட வரலாற்றின் பக்கம். அப்படியே எழுதப்பட வேண்டும்.

அடுத்து 1896. டிசம்பர் 18 அன்று கோர்லேண்ட், நாதேரி என்னும் இரண்டு கப்பல்கள் டர்பனுக்கு வந்தன. ஒன்றில் காந்தியும் குடும்பமும் இருந்தார்கள். பம்பாயில் பிளேக் என்று காரணம் சொல்லி, ஜனவரி 13 வரை யாரையும் இறங்கவிடவில்லை. வெள்ளையர் கூட்டம் கரையில் எதிர்ப்புக் காட்டியது. 1897இல் நேட்டால் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது: ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பம் எழுதத் தெரியாதவர் நுழைய முடியாது. ஆனால் ஒப்பந்தக் கூலிகளுக்கு அந்தச் சட்டம் விலக்கு அளித்தது. சொந்தக் காசில் வரும் வணிகர் ஆங்கிலம் எழுத வேண்டும். கரும்பு வெட்ட வருபவர் எதுவும் எழுத வேண்டாம். காந்தியின் கப்பல் நிறுத்தப்பட்டதை எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. நம் முன்னோருக்குக் கதவு ஏன் திறந்திருந்தது என்பதைச் சொல்லும் புத்தகங்கள் குறைவு. உழைப்பு வேண்டும், மனிதர் வேண்டாம் என்பதே அந்தத் திறந்த கதவின் பொருள். 1895இல் இயற்றிய இன்னொரு சட்டம் இதை இன்னும் தெளிவாக்கியது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் செய்யாமல் தங்குபவர் ஆண்டுக்கு 3 பவுண்டு கட்ட வேண்டும் என்றது அது.

இந்தத் தென்னாப்பிரிக்காவுக்கு நம் தலைவர் ஒருவரும் போனார். 1893இல் 'பறையன்' என்ற இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன், பின்னர் அங்கே நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். எழுத்தர் கலத்தில் எழுதிய அதே சொல்லைத்தான் அவர் தன் இதழின் நெற்றியில் எழுதியிருந்தார். ஒன்று அதிகாரி நம்மை அடையாளமிட்டது; மற்றொன்று நாம் நம்மை அறிவித்துக்கொண்டது. ஊர் திரும்பிச் சென்னைச் சட்டமன்ற உறுப்பினரான அவர் 1924இல், பொதுச் சாலைகளிலும் கிணறுகளிலும் நம் மக்களுக்கு உரிமை உண்டு என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். ஆயிரக்கணக்கான மைல் கடலைக் கடந்துபோய் வேலை செய்ய அனுமதி இருந்தவர்களுக்கு, சொந்த ஊரின் தெருவில் நடக்க அப்போதும் தீர்மானம் தேவைப்பட்டது.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலையைக் கையளிக்கிறோம். நேட்டால் கப்பல் பட்டியல்கள் இன்று டர்பனிலுள்ள காந்தி-லுத்தூலி ஆவண மையத்தின் வழியாகப் படிக்கக் கிடைக்கின்றன. அவற்றில் ஊர்ப் பெயர் என்ற கலம் ஒன்று உண்டு என்று சொன்னோம். ஆங்கில எழுத்தில் சிதைந்து கிடக்கும் அந்தப் பெயர்களை அடையாளம் காண, வட ஆற்காட்டின், செங்கல்பட்டின் சேரிகளை அறிந்தவர்களால்தான் முடியும். ஒரு மாவட்டத்தை ஒருவர் எடுத்துக்கொள்ளுங்கள். ஊரை உறுதி செய்யுங்கள். அங்கே போய், கப்பலேறிப் போனவர்களைப் பற்றிய பேச்சு எதுவும் மிஞ்சியிருக்கிறதா என்று பெரியவர்களிடம் கேளுங்கள். அப்போது நாம் கேட்கும் முதல் கேள்வி, என்ன சாதி என்பதாக இருக்காது. உங்கள் வீட்டிலிருந்து போனவர் யார் என்பதாக இருக்கும்.