பராமரிப்புக் கட்டணம்: பக்கத்து வீட்டாருடன் சண்டை எதற்கு?

“எனக்கு 90 வெள்ளி, பக்கத்து வீட்டுக்கு 70 வெள்ளி, ஏன்?” ஜார்ஜ்டவுன் அடுக்குமாடிகளில் மனக்கசப்பை வளர்க்கும் கேள்வி இது.

2013ஆம் ஆண்டு ஸ்திராத்தா நிர்வாகச் சட்டப்படி, வீட்டுக்கு ஒதுக்கப்பட்ட பங்கு அலகைப் பொறுத்தே கட்டணம் அமையும். பெரிய வீடென்றால் பொதுவாக அலகும் கூடும். கூட்டு நிர்வாகக் குழு இயங்கும் காலத்தில், கட்டணத்தில் 10 விழுக்காடு சேமநிதிக்குத் தனியாகச் செலுத்த வேண்டும். கட்டடத்துக்குச் சாயம் பூசுவது போன்ற பெரிய வேலைகளுக்கு அந்த நிதி உதவும்.

பில்லில் புரியாத தொகை இருந்தால் விளக்கத்தையும் தணிக்கை செய்த கணக்கையும் நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள். நிர்ணயித்த கட்டணமே நியாயமில்லை என்றால், பினாங்குத் தீவு மாநகர் மன்றத்திலுள்ள கட்டட ஆணையரிடம் மறுஆய்வுக்கு விண்ணப்பிக்கலாம். 250,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை ஸ்திராத்தா நிர்வாக நடுவர் மன்றம் விசாரிக்கும்.

கோபத்தில் கட்டணத்தை நிறுத்திவிடாதீர்கள். நிலுவைக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை வட்டி ஏறலாம். உங்கள் பெயர் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பொதுக்கூட்டத்தில் வாக்களிக்க முடியாது. கட்டணத்தை முடிவு செய்வதே அந்தக் கூட்டம்தான்.