சிலோன் எடுக்குதா?

செங்கல்பட்டில் ரேடியோ ரிப்பேர் பார்த்துப் பிழைத்தவன் நான். எந்தப் பெட்டியைச் சரிசெய்து கொடுத்தாலும் வருகிற கேள்வி ஒன்றுதான்: "சிலோன் எடுக்குதா?" சென்னை நிலையம் கணீரென்று பாடினாலும் காசு கைக்கு வராது. முள்ளை நகர்த்தி, கொழும்பிலிருந்து பாடும் இலங்கை வானொலியைப் பிடித்துக் காட்ட வேண்டும்.

சதுரங்கப்பட்டினம், கொக்கிலமேடு, மாமல்லபுரம் பக்கத்துப் பெட்டிகளுக்குப் பெரும்பாலும் ஒரே வியாதி. உப்புக்காற்று பட்டு பேண்ட் சுவிட்சின் கால்களெல்லாம் பச்சை பூத்திருக்கும். மத்திய அலையில் ஒழுங்காகப் பேசும். சிற்றலைக்குத் திருப்பினால் கரகரப்பு. பெட்ரோலில் துணியை நனைத்துத் துடைத்து, கால்களை லேசாக நெம்பிவிட்டால் கொழும்பு வந்துவிடும்.

இந்தச் சிலோன் மோகத்துக்கு வழிவிட்டது டெல்லிதான். 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்கு சினிமாப் பாட்டென்றால் இளக்காரம். ஆல் இந்தியா ரேடியோவில் அது சுருங்கிப்போனது. கொழும்பிலோ 1950-லேயே வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியாகிவிட்டது. மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத்தலைமை தன் சிப்பாய்களுக்காக ஏக்கலையில் நிறுவிய 100 கிலோவாட் சிற்றலை டிரான்ஸ்மிட்டரும் இலங்கை வானொலியின் கையில் இருந்தது. டெல்லி விழித்துக்கொண்டு விவித் பாரதியைத் தொடங்கியது 1957 அக்டோபர் 3-இல். அதற்குள் நம் ஊர் டீக்கடைகளில் முள் கொழும்பிலேயே நின்றுவிட்டது.

டெல்லியின் அந்தக் கெடுபிடி மட்டும் காரணமென்றால், அது தளர்ந்ததும் ஜனங்கள் திரும்பியிருக்க வேண்டுமே? திரும்பவில்லை. காலையில் கொழும்பின் 'பொங்கும் பூம்புனல்' கேட்டவர்களுக்குக் காரணம் தெரியும். கொட்டகைக்கே வராத புதுப்படத்தின் பாட்டு ஒன்று போகும். அதை ஒட்டி பி.யு. சின்னப்பா, அடுத்து, ஒரே வாரத்தில் சுருண்ட படத்தின் பி.பி. ஸ்ரீனிவாஸ் பாட்டு. படம் ஓடியதா என்பது கொழும்புக்காரர்களுக்குக் கவலை இல்லை. இசைத்தட்டு நூலகத்தில் தட்டு இருக்க வேண்டும், பாட்டு நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தோற்ற படங்களின் எத்தனையோ பாட்டு இன்றும் நம் வாயில் இருப்பது இவர்கள் புண்ணியம் என்பேன்.

பாட்டை எழுதியவர், இசை அமைத்தவர் பெயரையும் சொல்வார்கள். டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற பையன்கூட எது கண்ணதாசன், எது மருதகாசி என்று பிரித்துச் சொல்வான்.

எஸ்.பி. மயில்வாகனம் போட்ட பாதையில் கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர்கள் வரிசையாக வந்தார்கள். ஊர் முழுக்க ராஜா பக்கம். எனக்கு அவருடைய பேச்சு வேகம் ஒத்துவராது, நான் ராஜேஸ்வரி கட்சி. ஆனாலும் 1989-இல் ராஜாவைக் கொழும்பில் கொன்றுவிட்டார்கள் என்ற சேதி வந்தபோது என்னால் வேலை செய்ய முடியவில்லை.

கேசட் வந்ததும் நானும் பாட்டுப் பதிந்து கொடுக்க ஆரம்பித்தேன். துண்டுச் சீட்டில் பட்டியலோடு வருவார்கள். பாதிப் பாட்டுக்கு என்னிடம் தட்டு இருக்காது. சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய தட்டுக் கடைகளில் தேடுவேன். 1985-இல் அதுவும் எரிந்துபோனது. பிறகு வேறு வழி? ரேடியோ முன்னால் உட்கார்ந்து, கொழும்பு எப்போது போடுமென்று ரெக்கார்டு பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு காத்திருப்பதுதான். அறிவிப்பையும் சேர்த்துப் பிடித்துவிடும். அதை வெட்டிவிடட்டுமா என்று கேட்டால், "ஐயையோ, அது இருக்கட்டும்ணே" என்பார்கள்.