சந்தைக்குக் காப்புறுதி செய்த சூத்திரம்

ஆயிரம் வீடுகளுக்குத் தீக் காப்புறுதி வழங்கிய ஒரு கம்பனி, ஓராண்டில் அவற்றுள் இரண்டோ மூன்றோ எரியும் எனக் கணக்கிட்டு, எஞ்சியோர் செலுத்திய கட்டணத்தைக் கொண்டு அந்நட்டத்தை ஈடு செய்கின்றது. ஒரு வீடு எரியும்போது ஏனைய வீடுகள் எரிவதில்லை என்பதே காப்புறுதித் தொழிலின் அத்திவாரம். பங்குச் சந்தையில் இந்த அத்திவாரம் இல்லை. அங்கே விலை வீழ்ச்சி என்னும் தீ மூண்டால் எல்லா வீடுகளும் ஒருங்கே பற்றிக்கொள்ளும். ஆதலின் பங்குகளின் விலைக்குக் காப்புறுதி வழங்கத் துணிவோர் அரியர். அத்தகைய காப்புறுதியை ஒரு கணித சூத்திரத்தினாலும் ஒரு கணனியினாலுமே உண்டாக்கிவிடலாம் என ஐக்கிய அமெரிக்காவில் மூவர் நம்பினர். அந்த நம்பிக்கையின் வரலாறு 1976ஆம் ஆண்டிலே தொடங்கி, 1987ஆம் ஆண்டு ஒக்டோபர் 19ஆந் திகதி திங்கட்கிழமை மாலையில் உடைந்தது.

கலிபோர்னியாவில் பேர்க்லிப் பல்கலைக்கழகத்திலே ஹேன் லீலண்ட் என்னும் பொருளியற் பேராசிரியர் இருந்தார். 1973ஆம் 1974ஆம் ஆண்டுகளில் அமெரிக்கப் பங்கு விலைகள் ஏறக்குறையப் பாதியாக விழுந்திருந்தன. அஞ்சிய ஓய்வூதிய நிதிகள் பல, சந்தையை விட்டு விலகின. விலகியபின் 1975இல் விலைகள் ஏறின. விலகியோர் அந்த ஏற்றத்தின் பயனையும் இழந்தனர். முதலீட்டுத் துறையில் அநுபவமுள்ள அவருடைய சகோதரர், காப்புறுதி ஒன்று இருந்திருந்தால் அவர்கள் விலகியிருக்கமாட்டார்களே என்று ஒருமுறை கூறியிருந்தார். 1976 செப்டெம்பரில் உறக்கம் வராத ஓர் இரவில் இந்தச் சொல் லீலண்டின் நினைவுக்கு வந்தது.

குறித்த விலைக்குப் பங்கை விற்கும் உரிமையைத் தரும் பத்திரங்கள் அக்காலத்திலே வழக்கத்துக்கு வந்துகொண்டிருந்தன. பிஷர் பிளாக், மைரன் ஷோல்ஸ் என்னும் இருவர், அத்தகைய பத்திரங்களின் நியாயமான விலையைக் கணிக்கும் சூத்திரத்தை 1973இல் வெளியிட்டிருந்தனர். அச்சூத்திரத்தினுள்ளே ஓர் இரகசியம் பொதிந்திருந்தது. உரிமைப் பத்திரத்தை வாங்காமலே, பங்கையும் காசையும் தக்க அளவிற் கலந்து வைத்து, விலை அசையுந்தோறும் அக்கலவையை மாற்றி வருவதனால், அப்பத்திரம் தரும் பயனையே பெறலாம் என்பதுதான் அது. சக பேராசிரியர் மார்க் ரூபின்ஸ்டைன் இதில் லீலண்டுடன் சேர்ந்தார். வணிக உலகத்தை நன்கறிந்த ஜோன் ஒபிரையன் மூன்றாமவரானார். 1981இல் மூவரும் தங்கள் பெயர்களாலேயே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர்.

சூத்திரம் கூறும் முறையை எளிதாகவே விளக்கலாம். ஒரு நிதியிடம் 100 கோடி டொலர் பெறுமதியான பங்குகள் உள்ளன என வைத்துக்கொள்க. அப்பெறுமதி 90 கோடிக்குக் கீழே போகலாகாது என்பது நிதியை ஆள்வோரின் விருப்பம். விலை உயர்ந்திருக்கும்போது பெரும்பகுதி பங்காகவே இருக்கும். விலை இறங்க இறங்கப் பங்கைச் சிறிது சிறிதாக விற்றுக் காசாக்க வேண்டும். 90 கோடியை அணுகும்போது கையிலிருப்பது முழுவதும் காசாகிவிடும்; இனி விலை எவ்வளவு விழுந்தாலும் கவலையில்லை. விலை மீண்டும் ஏறினால் மீண்டும் வாங்குதல் வேண்டும். இறங்கியபின் விற்று, ஏறியபின் வாங்குவதால் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு நட்டம் நேரும். அந்நட்டமே காப்புறுதிக் கட்டணம்.

இதனை உற்று நோக்குவோர்க்கு ஒரு வியப்புத் தோன்றாமற் போகாது. அறுவடைக் காலத்தில் நெல் மலியும்போது வாங்கி, அருகும்போது விற்பவனே வணிகன். மலிந்தபோது வாங்குவோர் இருப்பதனால்தான் விலை ஓரிடத்திலே நிற்கின்றது. புதிய முறையோ மலிவைக் கண்டு மேலும் விற்கச் சொல்லிற்று. ஒருவர் இருவர் இவ்வாறு செய்தால் சந்தைக்கு ஊறில்லை. 1987ஆம் ஆண்டளவில் இம்முறையைப் பின்பற்றிய பணத்தின் அளவு 6,000 கோடி டொலர் முதல் 9,000 கோடி டொலர் வரை என மதிப்பிடப்பட்டது. அதில் ஒரு பெரும்பகுதி, தொழிலாளரும் ஆசிரியரும் முதுமைக்கெனச் சேர்த்த ஓய்வூதியப் பணமாகும்.

முறை இவ்வளவு விரைவாகப் பரவியதற்குச் சிக்காகோவில் தோன்றிய ஒரு புதிய வாணிகமும் காரணம். 1982 ஏப்ரலில் அங்குள்ள வணிகச் சந்தை, 500 கம்பனிகளின் பங்குகளைச் சேர்த்துக் கணிக்கும் சுட்டெண்ணின் மீது தவணை ஒப்பந்தங்களைத் தொடங்கியது. நூற்றுக்கணக்கான பங்குகளைத் தனித்தனியே விற்கும் தொல்லை நீங்கிற்று. ஓர் ஒப்பந்தத்தை விற்றால் சந்தை முழுவதையும் விற்றதற்கு ஒப்பாகும். நியூயோர்க்கிலோ 1976 முதற்கொண்டு, கட்டளைகளை மின்வழியாகக் களத்துக்கு அனுப்பும் பொறியமைப்பு ஒன்று இயங்கி வந்தது. சிக்காகோ ஒப்பந்தத்தின் விலைக்கும் நியூயோர்க் பங்குகளின் விலைக்கும் சிறு வேறுபாடு தோன்றினாலும், மலிந்த இடத்தில் வாங்கி மற்றைய இடத்தில் விற்போர் கணனிகளின் துணைகொண்டு காத்திருந்தனர். இவ்வாறு இரண்டு நகரங்களின் சந்தைகளும் ஒரே கயிற்றாற் பிணிக்கப்பட்டன.

சந்தைக்குப் பொறி புதியதன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரின்பின், காகித டொலருக்குப் பொன்னின் விலை என்ன என்பதை நியூயோர்க்கின் ‘பொன்னறை’ நாள்தோறும் நிர்ணயித்தது. வெளிநாட்டு வாணிகம் பொன்னைக் கொண்டே நடந்தமையால் அது உண்மையில் ஒரு நாணயச் சந்தையே. அவ்விலையைத் தரகர்களின் அலுவலகங்களிற் காட்டும் மின்கருவி 1866இல் வந்தது. பங்கு விலைகளைக் காகித நாடாவில் அச்சிடும் கருவியை எட்வர்ட் கலஹான் 1867இல் அமைத்தார். பொன்விலைக் கருவி 1869இல் ஒருநாள் பழுதுபட்டபோது, அதனைத் திருத்திக் கொடுத்து வேலை பெற்ற இளைஞரே தோமஸ் அல்வா எடிசன். அதே ஆண்டு செப்டெம்பர் 24ஆந் திகதி, ஜே கூல்ட், ஜிம் பிஸ்க் என்போர் பொன்னை முடக்கி விலையை 160 வரை ஏற்றிய வெள்ளிக்கிழமையில், எண் சக்கரங்கள் கூச்சலின் வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாமற் பின்தங்கின. அரசாங்கம் 40 இலட்சம் டொலர் பொன்னை விற்கக் கட்டளையிட்ட செய்தி வந்ததும் விலை சில நிமிடங்களிலே சரிந்தது. 1929 ஒக்டோபர் 24ஆந் திகதியும் காகித நாடா பல மணி நேரம் பிந்தியது. அன்று விற்ற 1 கோடி 29 இலட்சம் பங்குகளின் விலையை அது அச்சிட்டு முடித்தபோது இரவு 7 மணி கடந்துவிட்டது. இவையெல்லாம் விலையை அறிவித்த பொறிகள். 1987இல் இருந்த பொறி, எவ்வளவு விற்பது என்பதையும் சொன்னது. வேறுபாடு சிறிதன்று.

அவ்வாண்டு ஓகஸ்ட் 25ஆந் திகதி டௌ ஜோன்ஸ் சுட்டெண் 2,722 என்னும் உச்சியை அடைந்திருந்தது. ஒக்டோபர் 14ஆந் திகதி புதன்கிழமை, அமெரிக்காவின் ஓகஸ்ட் மாத வாணிகப் பற்றாக்குறை 1,570 கோடி டொலர் என்னும் செய்தி வந்தது. கம்பனிகளை விலைக்கு வாங்குவோருக்கிருந்த வரிச் சலுகையைக் குறைக்கும் ஏற்பாடும் பேசப்பட்டது. சுட்டெண் அன்று 95 புள்ளி விழுந்தது. வெள்ளிக்கிழமை மேலும் 108 புள்ளி. அன்று இங்கிலாந்தின் தென்பகுதியை ஒரு பெரும் புயல் தாக்கியமையால் இலண்டன் சந்தை பெரும்பாலும் வெறிச்சோடியிருந்தது. வார இறுதியில் அமெரிக்கத் திறைசேரிச் செயலாளர் ஜேம்ஸ் பேக்கர், வட்டி வீதத்தை உயர்த்திய மேற்கு ஜெர்மனியைக் கண்டித்துப் பேசினார். டொலரின் மதிப்பை அமெரிக்கா விழவிட்டுவிடும் என்று வணிகர் பொருள்கொண்டனர்.

இந்நிலையில் சூத்திரத்தைப் பின்பற்றியோரின் நிலை எவ்வாறிருந்தது? வெள்ளிக்கிழமை மாலைவரை நேர்ந்த வீழ்ச்சிக்கேற்ப அவர்கள் 1,200 கோடி டொலர் அளவுக்காயினும் விற்றிருக்க வேண்டும். விற்றதோ 400 கோடிக்கும் குறைவு. எஞ்சிய அனைத்தும் திங்கட்கிழமையின் தலையில் விழக் காத்திருந்தது. இதனை ஊகித்தறிந்த ஏனையோர், தாங்கள் முந்திக்கொண்டு விற்றல் நன்று என எண்ணினர். திருவிழாக் கூட்டம் முழுவதும் ஒரே கோபுரவாசலை நோக்கி விரையும்போது, வாசல் குறுகியது என்னும் அறிவே நெருக்கத்தை மிகுவிக்கும்.

திங்கட்கிழமை விடியுமுன் ஹொங்கொங் சந்தை நூற்றுக்கு 11 வீதம் விழுந்துவிட்டது. நியூயோர்க்கில் மணி அடித்தபோது பெருங்கம்பனிகள் பலவற்றின் பங்குகளுக்கு வாங்குவோர் இன்மையால், ஒரு மணி நேரம்வரை வாணிகமே தொடங்கவில்லை. தொடங்காத பங்குகளின் பழைய விலைகளைக் கொண்டே சுட்டெண் கணிக்கப்பட்டமையால், அது உண்மையைக் காட்டிலும் உயர்ந்து நின்றது. சிக்காகோவிலோ ஒப்பந்தங்கள் உடனே சரிந்தன. இரண்டு விலைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. எது மெய்விலை என்பதை அறிந்தார் எவருமில்லை.

அமெரிக்காவிலே கணனிகள் தாமே சந்தையைக் கவிழ்த்தன என்று பின்னாளிற் பலர் கூறினர். அது முழுவதும் சரியன்று. காப்புறுதி முறையிற் கணனி தொகையைச் சொல்லும். அதனைக் கண்டு ஓர் அலுவலர் தொலைபேசியிற் சிக்காகோவை அழைப்பார். அங்கே களத்தில் நிற்பவர் கைவிரித்துக் கூவி விற்பார். மனிதக் குரலே இறுதிக் கருவி. ஆயினும் அந்தக் குரலுக்கு விருப்பம் என்று ஒன்று இருக்கவில்லை. விலை எவ்வளவு மலிந்தாலும் விற்பது அதன் கடமையாயிற்று. அன்று ஒரு நிறுவனம் மாத்திரம் நியூயோர்க்கிற் பங்குகளாக 13 முறை, ஒவ்வொரு முறையும் 10 கோடி டொலருக்கு உட்பட்ட தொகையாக, ஏறக்குறைய 110 கோடி டொலர் விற்றது. மின்வழிக் கட்டளைகளை அச்சிடும் பொறிகள் நிரம்பித் திணறின. நாள் முடிந்தபோது சுட்டெண் 508 புள்ளி விழுந்து 1,738இல் நின்றது. நூற்றுக்கு 22.6 வீதம் ஒரே நாளிற் போயிற்று. 1929இலும் அத்தகைய நாள் ஒன்றில்லை. கைமாறிய பங்குகள் 60 கோடி 40 இலட்சம். சிக்காகோ ஒப்பந்தங்கள் நூற்றுக்கு 28 வீதத்துக்கு மேல் விழுந்தன.

காப்புறுதி செய்தோர் ஈடு பெற்றனரா? குறித்த எல்லைக்கு மேலே பலர் நிற்க முடியவில்லை. விலை படிப்படியாக இறங்கும், ஒவ்வொரு படியிலும் வாங்க ஒருவர் இருப்பார் என்று சூத்திரம் கொண்டிருந்தது. அன்று படிகள் இல்லை, பள்ளமே இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, மத்திய வங்கியின் தலைவராகி இரண்டு மாதமே ஆன அலன் கிரீன்ஸ்பான், நாட்டின் நிதியமைப்புக்கு வேண்டிய பணத்தை வழங்க வங்கி ஆயத்தமாயுள்ளது என்று ஒரு சிறிய அறிக்கை விடுத்தார். அன்று நண்பகலளவிற் சிக்காகோவில் ஒப்பந்த வாணிகம் சிறிது நேரம் நிறுத்தப்பட்டது. கணனிவழித் தொகுதிக் கட்டளைகளை அனுப்பாதிருக்குமாறு நியூயோர்க் சந்தை தன் உறுப்பினரைக் கேட்டுக்கொண்டது. பிற்பகலிலே கம்பனிகள் சில தங்கள் பங்குகளைத் தாமே வாங்குவதாக அறிவித்தன, விலை திரும்பிற்று. ஹொங்கொங் சந்தையோ அவ்வாரம் முழுவதும் மூடிக்கிடந்து, திறந்த நாளில் நூற்றுக்கு 33 வீதம் விழுந்தது.

ஜனாதிபதி நியமித்த ஆணைக்குழு, நிக்கலஸ் பிரேடியின் தலைமையில் ஆராய்ந்து 1988 ஜனவரியில் அறிக்கை தந்தது. அந்தத் திங்கட்கிழமை நியூயோர்க்கில் விற்ற 2,100 கோடி டொலரில், மூன்று காப்புறுதியாளர் விற்றது ஏறக்குறைய 200 கோடி. சிக்காகோவில் காப்புறுதியாளர் அனைவரும் விற்றது 400 கோடிக்கு ஒப்பானது. இச்சிலரின் விற்பனையே பெருஞ்சுமையாயிற்று என்பது ஆணைக்குழுவின் கருத்து. மாறான கருத்தும் உண்டு. இத்தகைய காப்புறுதி பரவாத நாடுகளின் சந்தைகளும் அம்மாதம் விழுந்தன. அவுஸ்திரேலியாவிலும் ஹொங்கொங்கிலும் வீழ்ச்சி அமெரிக்காவினும் பெரிது. பேராசிரியர் றொபேர்ட் ஷில்லர் வீழ்ச்சி நேர்ந்தவுடனே முதலீட்டாளருக்கு வினாத்தாள் அனுப்பி விசாரித்தபோது, தனியொரு செய்தியைக் காட்டிலும் விலை வீழ்ச்சியின் அச்சமே அவர்களை ஆட்டியது எனக் கண்டார்.

இவ்விரு கருத்துக்களுக்கும் நடுவே கவனிக்கத்தக்க ஓர் உண்மையுண்டு. எல்லோரும் உரிமைப் பத்திரங்களையே கடையில் வாங்கியிருந்தால், கேட்போர் பெருகப் பெருகப் பத்திரத்தின் விலை உயர்ந்திருக்கும். இத்தனை பேர் அஞ்சி நிற்கின்றனர் என்பதை அவ்விலையே ஊரறியக் காட்டியிருக்கும். கட்டணம் மிகுந்தது கண்டு சிலர் பின்வாங்கியுமிருப்பர். சூத்திரத்தினாற் செய்த காப்புறுதியோ கணனியின் உள்ளே மறைந்திருந்தது. எத்தனை பேர் எந்த எல்லையில் விற்கக் காத்திருக்கின்றனர் என்பது விற்கும் நாள்வரை வெளித்தோன்றவில்லை. தீமை சூத்திரத்தின் கணக்கிலன்று. அதே கணக்கைப் பக்கத்து வீட்டாரும் போட்டிருக்கின்றனர் என்பதை அறியாமையிலே இருந்தது.

1988இல், சுட்டெண் குறித்த அளவுக்கு மேல் விழுந்தால் வாணிகத்தைச் சிறிது நேரம் நிறுத்தும் விதிகள் ஏற்படுத்தப்பட்டன. காப்புறுதி முறையைக் கைவிட்டோர் பலர். பொறிகளைக் கைவிட்டார் எவருமில்லை. கூவி விற்ற களங்கள் பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக ஒடுங்கின. 2010 மே 6ஆந் திகதி, 410 கோடி டொலர் பெறுமதியான ஒப்பந்தங்களை விற்கும்படி ஒரு கணனிக்கு இட்ட ஒரே கட்டளை தூண்டுகோலாக, சுட்டெண் சில நிமிடங்களில் ஏறக்குறைய 1,000 புள்ளி இறங்கி, அந்நாளிலேயே பெரும்பாலும் மீண்டது. 1987இன் வீழ்ச்சி அவ்வளவு விரைவாக மீளவில்லை. ஓகஸ்டு உச்சியை மீண்டும் தொட 1989ஆம் ஆண்டுவரை செல்லவேண்டியிருந்தது.

உரிமைப் பத்திரங்களின் விலையிலும் அந்தத் திங்கட்கிழமை ஒரு தழும்பை விட்டுச் சென்றது. அதற்கு முன், பெருவீழ்ச்சிக்குக் காப்பளிக்கும் பத்திரங்களின் விலை 1973ஆம் ஆண்டுச் சூத்திரம் சொன்னபடியே பெரும்பாலும் இருந்தது. அதன் பின் அப்பத்திரங்கள் சூத்திரம் சொல்வதைவிட விலை கூடியே விற்கின்றன. பல ஆண்டு கடந்தும் அந்த மேலதிகம் மறையவில்லை. அதனை அளந்து எழுதியோருள் மார்க் ரூபின்ஸ்டைனும் ஒருவர்.