வாசலுக்கு வந்த சர்க்கரை மாத்திரை

2021 ஆகஸ்ட் 5 அன்று ஓசூர் பக்கத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கி வைத்தார். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாதா மாதம் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்கு அலைந்தவர்களின் வீட்டுக்கே மாத்திரை வரும் என்று அன்று அறிவிப்பானது. சாமனப்பள்ளி இப்போது கிருஷ்ணகிரி மாவட்டம். 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும்வரை அது தருமபுரி மாவட்டத்து ஊர்தான். அந்தத் திட்டம் எந்தக் கால்களால் இன்று நடக்கிறதோ, அந்தக் கால்களும் இதே தருமபுரி மண்ணில்தான் முதலில் ஊன்றின. அதைச் சொல்லத்தான் இந்தக் கதை.

திட்டம் எதற்குத் தேவைப்பட்டது என்பதை தருமபுரி மாவட்டத்து மொரப்பூரிலிருந்து பார்த்தால் நன்றாகப் புரியும். அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஐம்பது வயதுக் கூலிக்காரப் பெண் ஒருவருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் காட்டில் களை வெட்டு, மரவள்ளி பிடுங்கல், நூறு நாள் வேலை என்று அவர் நாள் ஓடுகிறது. “சாப்பிடாம வாங்கம்மா” என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருப்பார்கள். இருட்டில் எழுந்து, டீகூடக் குடிக்காமல், பஸ் பிடித்து வந்து, சீட்டுப் போட்டு, வரிசையில் நின்று ரத்தம் கொடுக்க வேண்டும். பிறகு சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் ரத்தம். முடிவு வந்து, டாக்டரைப் பார்த்து, மாத்திரையோடு வீடு திரும்பும்போது உச்சி சாய்ந்திருக்கும். மாத்திரைக்குக் காசு இல்லை. ஆனால் அன்றைய கூலி போய்விட்டது. முதல் மாதம் வருவார், இரண்டாம் மாதமும் வருவார். மூன்றாம் மாதம் “உடம்புக்கு ஒண்ணும் பண்ணலையே” என்று விட்டுவிடுவார்.

அவர் சொல்வது பொய்யில்லை. சர்க்கரை பல வருடங்கள் வலிக்காது. வலிக்காமலே கண்ணின் விழித்திரையையும் சிறுநீரகத்தையும் பாதத்து நரம்புகளையும் அரித்துக்கொண்டிருக்கும். தாகம், அடிக்கடி சிறுநீர், உடல் இளைப்பு என்று அறிகுறி தெரியும் நேரத்தில் நோய்க்குப் பல வயது ஆகியிருக்கலாம். காய்ச்சல்காரர் தானாக ஆஸ்பத்திரிக்கு வருவார், சர்க்கரைக்காரர் வரமாட்டார். நம்முடைய மருத்துவ அமைப்போ வருகிறவர்களுக்காகக் கட்டப்பட்டது.

2020ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் தொற்றா நோய்களைப் பற்றி நடந்த ‘ஸ்டெப்ஸ்’ கணக்கெடுப்பு இதை எண்ணில் காட்டியது. பெரியவர்களில் நூற்றுக்கு 17.6 பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. அவர்களில் சர்க்கரை கட்டுக்குள் இருந்தவர்கள் நூற்றுக்கு 10.8 பேர் மட்டுமே. ரத்தக் கொதிப்பில் நிலைமை இன்னும் மோசம்: நூற்றுக்கு 7.3. இத்தனை ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கும் மாநிலத்தில், மாத்திரை இலவசமாகக் கிடைக்கும் மாநிலத்தில், பத்தில் ஒன்பது பேர் கைவிட்டுப் போயிருந்தார்கள். திட்டத்தின் உண்மையான கரு இந்த எண்தான் என்று நான் நினைக்கிறேன்.

வீட்டிலிருந்தபடியே ஒரு நெடுநாள் நோயைக் குணமாக்கலாம் என்ற எண்ணம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும் என்று உலகம் நம்பிய காலம் அது. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் அங்கே நடந்த ஆய்வு, 193 நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறு பாதியை அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தது. 1959இல் முடிவு வெளிவந்தது. நெரிசலான வீட்டில், குறைந்த சாப்பாட்டில், வேலைக்கும் போய்க்கொண்டு மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குத் தேறியிருந்தார்கள். ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது: மருந்தை விடாமல் சாப்பிடுகிறாரா என்று யாராவது வீடு தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். சுகாதாரப் பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணிப் பார்த்தார்கள். காசநோய்க்குக் கற்ற அந்தப் பாடம் சர்க்கரைக்கு வந்து சேர அறுபது வருடங்களுக்கு மேல் ஆனது.

இடைப்பட்ட காலத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் பிரசவம், தடுப்பூசி, காய்ச்சல் என்றே இருந்தது. கிராம செவிலியரின் நோட்டில் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இருந்தார்கள். ஐம்பது வயது ஆணுக்கு அதில் பக்கமே இல்லை. உலக வங்கி உதவியோடு நடந்த தமிழ்நாடு சுகாதாரத் திட்டம் 2007 வாக்கில் விருதுநகரிலும் சிவகங்கையிலும் ரத்தக் கொதிப்பைக் கண்டறியும் சோதனை முயற்சியைச் செய்தது. 2012 முதல் அது சர்க்கரையையும் சேர்த்து மாநிலம் முழுக்க விரிந்தது. இதற்கென்றே தனியாகச் செவிலியர்கள் நியமிக்கப்பட்டார்கள். 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி விலையைக் குறைத்திருந்ததால், கொடுக்க மாத்திரையும் இருந்தது. கண்டுபிடிக்க ஆள் வந்தார், மருந்து வந்தது. நோயாளி மட்டும் மாதா மாதம் வரவில்லை.

இனித்தான் தருமபுரி வருகிறது. 1989இல், ஐ.நா.வின் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது இந்த மாவட்டத்தில்தான். வானம் பார்த்த பூமி, பெண் சிசுக்கொலைக்காகப் பத்திரிகைகளில் அடிபட்ட ஊர்கள், கந்துவட்டியில் மூழ்கிய வீடுகள். அங்கே பதினைந்து இருபது பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து சிறுவாட்டைச் சேர்த்து, தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொண்டு, நோட்டு எழுதக் கற்றார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் வங்கி மேலாளருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பிறகு அது ‘மகளிர் திட்டம்’ என்று மாநிலம் முழுக்கப் பரவியது. ஊரில் எந்த வீட்டில் யார் இருக்கிறார், யார் படுத்திருக்கிறார், யாருடைய மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறான் என்று எல்லாம் தெரிந்த, எந்த வாசலிலும் தயங்காமல் ஏறக்கூடிய ஒரு பெண்ணைக் கிராமந்தோறும் அந்தக் குழுக்கள் உருவாக்கி வைத்திருந்தன.

2021இல் அரசு தேடியது அந்தப் பெண்ணைத்தான். கொரோனா ஊரடங்கில் பஸ் நின்றபோது சர்க்கரைக்காரர்கள் மாத்திரை இல்லாமல் தவித்ததை ஊரே பார்த்திருந்தது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்குக் கொரோனா முற்றியதையும் பார்த்திருந்தது. மே மாதம் பொறுப்பேற்ற அரசில் சுகாதார அமைச்சரான மா. சுப்பிரமணியனின் துறை இத்திட்டத்தை வகுத்தபோது, வீடு வீடாகப் போக வேண்டியவர்களைச் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுத்தது. பெண் சுகாதாரத் தன்னார்வலர் என்று பெயர். இன்று மாநிலத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். 45 வயதைக் கடந்தவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் வீட்டிலேயே மாத்திரை, பக்கவாதம் வந்தவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சை, தீராத நோயில் படுத்தவர்களுக்கு ஆதரவுச் சிகிச்சை, வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அதற்கான பைகள் என்று பணி விரிந்தது.

தன்னார்வலரின் பையில் ரத்தக் கொதிப்புக் கருவி, குளுக்கோமீட்டர், மாத்திரைகள், ஒரு பதிவேடு. விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கிறார். ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: அந்தக் கருவி காட்டும் எண் சந்தேகத்தை எழுப்புவதற்குத்தான். நோயை உறுதி செய்வது ஆரம்ப சுகாதார நிலையம். எட்டு மணி நேரமாவது சாப்பிடாமல் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200 அல்லது அதற்கு மேல், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ‘எச்பிஏ1சி’ 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல். இதில் எது இருந்தாலும் சர்க்கரை நோய். அறிகுறி எதுவும் இல்லாதவர் என்றால் ஒரே பரிசோதனையை நம்பி முடிவு சொல்லக் கூடாது. இன்னொரு பரிசோதனையும் அதையே சொல்ல வேண்டும். ஒரு மனிதரை வாழ்நாள் நோயாளி என்று எழுதுவதற்கு முன் அந்த நிதானம் வேண்டும்.

உறுதியானதும் பெரும்பாலும் எழுதப்படும் முதல் மாத்திரை மெட்ஃபார்மின். ஐரோப்பாவில் நாட்டு மருந்தாக இருந்த கலேகா என்ற செடியின் சத்தை ஆராய்ந்த வழியில் வந்த பொருள் இது. 1922இல் ஆய்வகத்தில் முதலில் தயாரிக்கப்பட்டது. 1957இல் பாரிஸ் மருத்துவர் ழான் ஸ்டெர்ன் மனிதர்களுக்குச் சர்க்கரை மருந்தாகக் கொடுத்த முடிவுகளை வெளியிட்டார். மலிவானது, தனியாகச் சாப்பிடும்போது சர்க்கரையைத் திடீரென்று தாழ்த்தாதது. வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கக் கூடிய மருந்தாக அது அமைந்தது இத்திட்டத்துக்குக் கிடைத்த வரம். கூடவே கிளிமெப்பிரைடு என்ற மாத்திரையும் எழுதப்பட்டால் எச்சரிக்கை தேவை. அதைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் வெயிலில் மண்வெட்டி பிடித்தால் சர்க்கரை தாழ்ந்து வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், கண் இருட்டும். அப்போது உடனே சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவருக்கு மாத்திரை கொடுக்கும்போதெல்லாம் இதைச் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. “நாங்க களி சாப்பிடறவங்க, எங்களுக்கு எப்படிச் சக்கரை?” என்ற கேள்வி தருமபுரிப் பக்கம் உண்டு. ராகி நல்ல தானியம். நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம். ஆனால் 100 கிராம் ராகி மாவில் ஏறக்குறைய 70 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. இரண்டு பெரிய உருண்டைக் களியும் பேருக்குக் கொஞ்சம் குழம்பும் என்றால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். உருண்டையைச் சின்னதாக்கி, கீரையையும் கொள்ளையும் அவரையையும் கூட்டினால் அதே களி நன்மை செய்யும்.

திட்டத்துக்கு 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் முகமைகளுக்கு இடையேயான பணிக்குழு விருது கொடுத்தது. பெருமைதான். குறைகளையும் சொல்லியாக வேண்டும். மொரப்பூர் ரயில் நிலையத்தில் திருப்பூருக்கும் கோவைக்கும் வண்டி ஏறுகிற நாற்பது வயதுக்காரரின் வீட்டுக்குத் தன்னார்வலர் போகும்போது அவர் ஊரில் இல்லை. பெங்களூர்க் கட்டட வேலைக்குப் போனவரும் இல்லை. வேலை செய்யும் இடத்துக்கே போகும் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ 2024இல் வந்தது. மாநில எல்லையைத் தாண்டிப் போனவருக்கு அது எட்டாது.

அதைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று. மாத்திரைதான் வீட்டுக்கே வருகிறதே என்று டாக்டரைப் பார்ப்பதையே சிலர் நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன் எழுதிய அதே மெட்ஃபார்மின் 500 அப்படியே வந்துகொண்டிருக்கும். சர்க்கரை 280இல் நிற்கும். அளவைக் கூட்டவும் மருந்தைச் சேர்க்கவும் தேவைப்பட்டால் இன்சுலின் தொடங்கவும் மருத்துவரால்தான் முடியும். வருடம் ஒருமுறை விழித்திரை, சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின், பாதத்தில் உணர்ச்சி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இதில் எதுவும் வாசலுக்கு வராது. தன்னார்வலரின் பதிவேட்டில் எண் ஏறிக்கொண்டே போனால், அந்தப் பெயரை மருத்துவர் எடுத்துப் பார்த்துக் கூப்பிட்டனுப்பும் ஏற்பாடு ஒவ்வொரு நிலையத்திலும் உறுதியாக இருக்க வேண்டும். வெயிலில் தெருத்தெருவாக நடந்து இத்தனை உயிர்களைக் கண்காணிக்கிற பெண்களுக்கு இன்றும் மாதம் சில ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைதான். அவர்களைத் தன்னார்வலர் என்று அழைத்துக்கொண்டே முழுநேரப் பணியை வாங்குவது நியாயமில்லை. அவர்களுக்கு ஊதியம் வேண்டும்.

இரண்டாம் முறை ‘ஸ்டெப்ஸ்’ கணக்கெடுத்தபோது சர்க்கரை கட்டுக்குள் இருந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 17 பேராக உயர்ந்திருந்தார்கள். பத்தேமுக்காலிலிருந்து பதினேழு, சில வருடங்களில் கிடைத்த நல்ல முன்னேற்றம். ஆனாலும் நூற்றில் எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இன்னும் வெளியே இருக்கிறார்கள்.

உங்கள் ஊரிலும் அந்தப் பெண் வருவார். முப்பது வயது ஆகிவிட்டது என்றால், உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பாமல் விரலை நீட்டுங்கள். வீட்டில் சர்க்கரை மாத்திரை சாப்பிடும் அம்மாவோ அப்பாவோ இருந்தால், அவர்கள் கடைசியாக டாக்டரைப் பார்த்தது எப்போது என்று இன்றைக்குக் கேளுங்கள். ஆறு மாதம் தாண்டியிருந்தால் இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள்.