எஞ்சிய கூடுகள்

காரைக்கால் கோவில்பத்தில் வாழும் நமக்குக் கதண்டு புதியதன்று. பனையுச்சியில் அது கூடு கட்டியிருப்பதைக் கண்டால் சிறுவரை அப்பக்கம் விடமாட்டோம். தென்மாவட்டத்தார் இதனைக் கடந்தை என்பர். மனிதரை அஞ்ச வைக்கும் இக்குளவி, தேனீக்களுக்கோ பரம்பரைப் பகை.

இப்பகை இன்று கடல் கடந்துவிட்டது. 1954 வரை நம் காரைக்காலை ஆண்ட பிரான்சு நாட்டில், 2004ஆம் ஆண்டளவில் ஆசியக் கதண்டு இனமொன்று காணப்பட்டது. சீனத்து மண்பாண்டச் சரக்கோடு அது சென்றிருக்கலாம் என்பர் ஆய்வாளர். ஸ்பெயின், போர்த்துகல், இத்தாலி, இங்கிலாந்து என அது பரவியது. கூட்டின் வாயிலில் அந்தரத்தில் நின்று, திரும்பி வரும் தேனீக்களைக் கவ்விச் செல்வது அதன் வழக்கம். இப்பகையை முன்பின் அறியாத ஐரோப்பியத் தேனீக்கள் திகைத்துப் போயின.

ஆசியத் தேனீக்கள் அதனை எதிர்கொள்ளக் கற்றவை. நுழையும் கதண்டை நூற்றுக்கணக்கில் சூழ்ந்து, பந்தாய்த் திரண்டு, உடலை அதிர வைத்து வெப்பத்தை 45 பாகைக்கு மேல் உயர்த்துகின்றன. அந்த வெம்மையில் கதண்டு மடிகிறது. அதைவிடச் சற்று மிகுந்த வெப்பத்தையும் தாங்கும் தேனீக்கள் பிழைக்கின்றன. தனித்த தேனீயால் இயலாதது கூட்டத்தால் கைகூடுகிறது.

ஆனால் கண்ணுக்குத் தெரியாத பகைவன் முன் இந்தப் படைத்திறமும் பயன்படாது என்பதைத் தமிழகம் கண்டது. தென்னாட்டில் தேனீ வளர்ப்பு வேரூன்றிய வரலாறு நாம் நினைவிற்கொள்ளத் தக்கது. அருட்தந்தை நியூட்டன் நம் நாட்டுத் தேனீயின் அளவிற்கேற்ற சிறு பெட்டியை வகுத்து, 1911 முதல் 1917 வரை சிற்றூர் மக்களுக்குப் பயிற்சியளித்தார். ‘நியூட்டன் பெட்டி’ என அவர் பெயர் இன்றும் நிற்கிறது. 1920களில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் மார்த்தாண்டத்தில் பணியாற்றிய ஸ்பென்சர் ஹாட்ச், இத்தொழிலை ஏழைக் குடும்பங்களின் துணை வருவாயாக வளர்த்தார். பின்னாளில் ரப்பர்த் தோட்டங்கள் பெருக, அவற்றின் இலைக்காம்பில் சுரக்கும் தேனால் குமரி மாவட்டம் தேனுக்குப் பெயர் பெற்றது.

1991, 1992ஆம் ஆண்டுகளில் இடி விழுந்தது. 1976இல் தாய்லாந்தில் கண்டறியப்பட்ட ‘தாய் சாக்புரூட்’ என்னும் நச்சுயிரி நோய், 1978இல் வடகிழக்கு இந்தியாவில் தோன்றிப் பின் தெற்கே வந்தது. புழுக்கள் கூட்டுப்புழு ஆகுமுன்பே நீர் நிறைந்த பைபோல் ஊதி மடிந்தன. இறந்தவற்றை அகற்றித் தூய்மை செய்த பணித்தேனீக்களே அறியாமல் நோயை அடுத்த புழுக்களுக்கு ஊட்டின. அடைகளை மாற்றி வைத்த மனிதக் கைகளும், ஊர்விட்டு ஊர் சென்ற பெட்டிகளும் அதைப் பரப்பின. தென்மாநிலங்களில் பத்தில் ஒன்பது கூடுகள் அழிந்தன. பெட்டிகள் மட்டும் மீதமிருந்த வீடுகளில் வருவாய் நின்றது.

நச்சுயிரிக்கு மருந்தில்லை. மீட்சி வந்தது எஞ்சிய கூடுகளிலிருந்து. நோயைத் தாங்கிப் பிழைத்தவற்றைத் தேர்ந்து, அவற்றைப் பிரித்துப் பெருக்கினர். நோயுற்ற கூட்டின் அடையைப் பிறவற்றில் வைப்பதைத் தவிர்த்தனர். சில காலம் ராணியை முட்டையிடாமல் அடைத்து வைத்து, நோய்க்கு இரையாகும் புழுக்களே இல்லாமற் செய்யும் முறையும் உண்டு. கதண்டிற்கு எதிராக வாயிலைக் குறுக்குவதும் இத்தகைய எளிய காவலே. நோய் முற்றிலும் அகலவில்லை, அவ்வப்போது தலைகாட்டுகிறது. ஆயினும் மார்த்தாண்டத்தில் தேன் மீண்டும் சொரிந்தது.

எஞ்சியோரைக் கொண்டு மக்களினத்தை மீண்டும் கட்டியெழுப்பும் இறைவனை எசாயா இறைவாக்கினர் நமக்கு அறிவித்திருக்கிறார். பாஸ்கா இரவில் திரி ஏற்றிப் பாடும் புகழுரையில் திருச்சபை தேனீயின் உழைப்பை நினைவுகூர்கிறது. அந்த உழைப்பிற்கு நாம் செலுத்த வேண்டிய கடன் ஒன்றுண்டு: சரக்கையும் பெட்டியையும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்லும் நாம், அவற்றோடு எதை அனுப்புகிறோம் என்று ஒருமுறை திறந்து பார்ப்பது.